'எளிதிற் காணலாகும்': இயற்பியல் நூல்களில் விடுபட்ட கணிதப் படிகளும் அவற்றை நிரப்பிய வாசகர்களும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக இயற்பியல் பயிலும் மாணவர், நூலில் ஒரு சமன்பாட்டிலிருந்து அடுத்த சமன்பாட்டிற்குச் செல்ல இயலாமல் தடைப்படுவது பெரும்பாலும் அவரது கணிதக் குறைபாடாகவே கொள்ளப்படுகிறது. நூல் எழுதப்பட்ட முறையும், நூலாசிரியர் மனத்திற்கொண்ட வாசகர் பெற்றிருந்த பயிற்சியும் அத்தடைக்குக் காரணங்களாக இருந்துள்ளமையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விளக்குகிறது. லாப்லாஸ் எழுதாது விட்ட படிகளை நிரப்பிய நதானியேல் பவுடிச், மேரி சமர்வில் ஆகியோரின் பணி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தனிப்பயிற்சி முறை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறர் கணக்கைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்று கண்ட முடிவு ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கணிதப் படி, வருவிப்பு, வான் இயக்கவியல், உரை, தனிப்பயிற்சி, வெண்குறு விண்மீன், பிரின்சிப்பியா

முன்னுரை

இயற்பியல் நூல்களில் இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவே வரும் சொற்கள் மிகச் சில. 'இதிலிருந்து', 'சுருக்கினால்', 'எளிதிற் காணலாகும்' என்பன போன்ற தொடர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அத்தொடர் நிற்கும் இடத்தில் இரண்டு வரிக் கணக்கு மறைந்திருக்கலாம். இருபது பக்கக் கணக்கும் மறைந்திருக்கலாம். நூலின் முகத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், எந்த இடத்தில் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை மாணவர் முன்னரே அறிய வழியில்லை. இரண்டு வரியில் முடிய வேண்டியது தமக்கு மட்டும் முடியவில்லை என்று எண்ணிப் பாடத்தைவிட்டு விலகுவோரும் உண்டு.

விடுபட்ட படிகள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. தனி ஊசலின் அலைவுக்காலத்தை வருவிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கோணத்தின் சைன் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கோணத்தையே எழுதிவிட்டுப் பாடநூல் மேலே செல்கிறது. பார்வைக்கு இது இயற்கணிதச் சுருக்கம்போல் தோன்றினும், உண்மையில் இது ஊசலின் இயக்கம் பற்றிய ஒரு முடிவு: வீச்சு சிறிதாக இருக்கும் என்னும் முடிவு. வீச்சு 20 பாகையாகும்போது அலைவுக்காலம் அந்த எளிய வாய்பாடு தரும் மதிப்பைவிட ஏறத்தாழ 0.8 விழுக்காடு மிகுகிறது. அவ்வாய்பாட்டை நம்பிச் செய்த கடிகாரம் அவ்வீச்சில் ஆடுமாயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 நிமிடம் பிந்தும். ஆக, பொறுமையுடன் எழுதிப் பார்த்தால் முடிந்துவிடும் படி ஒன்று. இயற்கையைப் பற்றிய அனுமானம் ஒன்றைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, கணக்குப்போல் வேடமிட்டு நிற்கும் படி மற்றொன்று. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

லாப்லாஸின் சொற்றொடர்

பியர் சிமோன் லாப்லாஸ் (1749–1827) எழுதிய 'மெக்கானிக் செலெஸ்த்' என்னும் வான் இயக்கவியல் பெருநூலின் முதலிரு தொகுதிகள் 1799இல் வெளிவந்தன. மூன்றாம் தொகுதி 1802இலும் நான்காம் தொகுதி 1805இலும் வந்தன. ஐந்தாவது 1825இல் நிறைவுற்றது. கோள்களின் இயக்கம், கடலின் ஏற்றவற்றம், புவியின் வடிவம் ஆகிய அனைத்தையும் ஈர்ப்பு விதி ஒன்றிலிருந்தே வருவித்துக் காட்டுவது இந்நூலின் நோக்கம். நியூட்டனுக்குப்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் இதில் ஒருங்கே திரண்டன. அவற்றுள் பலவற்றிற்கு உரியவர் பெயர் நூலில் இடம்பெறவில்லை என்னும் குறை அக்காலத்திலேயே எழுந்தது.

இந்நூலின் அச்சுத்தாள்களைத் திருத்தும் பணியில் ழான் பாப்டிஸ்ட் பியோ (1774–1862) என்னும் இளம் அறிஞர் தாமே முன்வந்து ஈடுபட்டார். தமக்கு விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு அவர் லாப்லாஸிடம் செல்வது வழக்கம். அப்போது லாப்லாஸே தாம் முன்னர்ச் சென்ற வழியை மீட்டெடுக்க முடியாமல் நெடுநேரம் முயன்றதுண்டு என்பதைப் பியோ முதுமையில் நினைவுகூர்ந்துள்ளார். முடிவு சரியானது என்பதில் ஐயமில்லாதபோது, வழியை எழுதாமல், எளிதிற் காணலாகும் என்னும் தொடரை இட்டு லாப்லாஸ் நகர்ந்துவிடுவாராம்.

இச்செய்தி வேடிக்கைக் கதையாகவே பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதனினும் மேலான மதிப்பு இதற்கு உண்டு. 'எளிது' என்னும் சொல் வாசகரின் திறத்தை அளவிட்டு எழுதப்பட்டதன்று என்பதற்கு இது நேரடிச் சான்றாகிறது. ஆசிரியர்க்கே எளிதாக இராத இடத்திலும் அச்சொல் அச்சேறியிருக்கிறது. கணக்கை முடித்த மனம் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு வழியை மறந்துவிடுவது இயல்பு. மறந்த வழியைத் தாளில் பேணிவைக்கும் கடமை அந்நாளைய நூலாசிரியர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சேலம் நகரத்து உரையாசிரியர்

லாப்லாஸ் விட்ட படிகளை ஒன்றுவிடாமல் நிரப்ப முற்பட்டவர் பாரிஸிலோ கேம்பிரிட்ஜிலோ தோன்றவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்னும் துறைமுக நகரில் (தமிழகத்துச் சேலத்திற்கும் இதற்கும் பெயரொப்புமையன்றித் தொடர்பில்லை) 1773இல் பிறந்த நதானியேல் பவுடிச் அவர். பத்து வயதில் பள்ளியைவிட்டு, பீப்பாய் செய்யும் தந்தையின் பட்டறைக்குச் சென்றார். பன்னிரண்டு வயதில் கப்பல்களுக்குப் பொருள் விற்கும் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வைப் படிப்பதற்காகவே இலத்தீன் கற்றார். அவர்க்கு வாய்த்த நூலகமும் விந்தையானது. அயர்லாந்து நாட்டு வேதியியலறிஞர் ரிச்சர்ட் கிர்வானின் நூல்களை ஏற்றிச்சென்ற கப்பலை அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் உரிமை பெற்ற தனியார் கப்பலொன்று கைப்பற்ற, அந்நூல்கள் விற்கப்பட்டுச் சேலத்தில் ஒரு சிறு நூலகமாயின. கடை எழுத்தராயிருந்த இளைஞர்க்கு அந்நூலகத்தைப் பயன்படுத்த இசைவு கிடைத்தது.

1795க்கும் 1803க்கும் இடையில் அவர் ஐந்து கடற்பயணங்கள் மேற்கொண்டார். கப்பலோட்டிகள் நம்பியிருந்த ஆங்கிலேய வழிகாட்டி நூலொன்றின் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது ஆயிரக்கணக்கான பிழைகள் அவர் கண்ணிற்பட்டன. அதன் விளைவாக 1802இல் வெளிவந்த அவரது கடற்பயண வழிகாட்டி நூல் இன்றளவும் பதிப்பிக்கப்பட்டுவருகிறது. பிறர் கணக்கை நம்பாமல் தாமே போட்டுப் பார்க்கும் இவ்வழக்கமே பின்னர் லாப்லாஸின்மீது திரும்பியது.

முதல் நான்கு தொகுதிகளின் மொழிபெயர்ப்பைப் பெரும்பாலும் 1814 முதல் 1817 வரையிலான ஆண்டுகளில் அவர் செய்தார். லாப்லாஸ் தெளிவாகப் புலப்படும் என்று எழுதிய இடத்தைக் காணும்போதெல்லாம், அது எவ்வாறு புலப்படுகிறது என்பதைக் கண்டறியப் பல மணி நேரமோ சில நாள்களோ தாம் உழைக்க வேண்டியிருக்கும் என்பது தமக்கு உறுதியாகிவிடும் என்னும் கருத்துப்பட அவர் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் அச்சுச் செலவை ஏற்க முன்வந்தது. பவுடிச் அதனை மறுத்துத் தம் பணத்திலேயே 1829, 1832, 1834 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். நான்காம் தொகுதி அச்சில் இருக்கும்போதே 1838இல் அவர் மறைந்தார். அது மறு ஆண்டு வெளிவந்தது.

அந்நூலின் பக்க அமைப்பு நோக்கத்தக்கது. மேற்பகுதியில் லாப்லாஸின் மூலம் ஆங்கிலத்தில் நிற்கிறது. கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் பவுடிச்சின் குறிப்புரை செல்கிறது. பல பக்கங்களில் மூலம் சில வரிகளாய்ச் சுருங்கிக் குறிப்புரையே பக்கத்தை நிறைக்கிறது. நூலின் மொத்த அளவு மூலத்தைப்போல் இருமடங்கிற்கும் மேலாயிற்று. காண்டிகை, விருத்தி என உரையைப் பகுத்த நன்னூல் மரபை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. பவுடிச்சின் குறிப்புரை விருத்தியுரை எனத் தகும்: விடுபட்ட படியைத் தருவதோடு, லாப்லாஸ் பெயர் சுட்டாமல் எடுத்தாண்ட முடிவுகளுக்கு உரியவரைக் காட்டுகிறது, நூல் வெளிவந்தபின் நிகழ்ந்த ஆய்வுகளைச் சேர்க்கிறது, கணக்கீட்டில் நேர்ந்த பிழைகளைத் திருத்துகிறது. படியை எழுதிப் பார்த்தவரே பிழையைக் காண முடியும் என்பதால் இவை தனித்தனிப் பணிகளாக நடைபெறவில்லை. பவுடிச்சை மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் குறிப்பிட்டுச் செல்லும் வழக்கம் பொருத்தமுடையதன்று.

மேரி சமர்வில்

ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் மேரி சமர்வில் (1780–1872) அதே நூலை எடுத்துக்கொண்டார். பயனுள்ள அறிவைப் பரப்பும் கழகத்திற்காக லாப்லாஸின் நூலை விளக்கி எழுதித்தருமாறு புரூம் பிரபு 1827இல் கேட்டுக்கொண்டதன் விளைவு அது. எழுதி முடித்தபோது நூல் கழகத்தின் சிறுநூல் வரிசைக்கு அடங்காமல் பெருகிவிட்டது. ஜான் மரே பதிப்பகம் 1831இல் 750 படிகள் அச்சிட்டது. லாப்லாஸின் இயற்கணிதத்திற்கு வரைபடங்களையும் சொல்விளக்கத்தையும் சமர்வில் சேர்த்திருந்தார். கேம்பிரிட்ஜில் ஹியூவெல், பீகாக் ஆகியோரின் ஆதரவால் அந்நூல் உயர்நிலை மாணவர்களின் கைக்குச் சென்றது.

பல்கலைக்கழகம் எதிலும் பயிலும் வாய்ப்பற்ற ஒருவர் எழுதிய நூலைப் பல்கலைக்கழக மாணவர் பயின்றனர். கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வைப் பெண்கள் முறைப்படி எழுதலாம் என்னும் இசைவு 1881இல் வந்தது. 1890இல் பிலிப்பா ஃபாசெட் அத்தேர்வில் முதலிடம் பெற்ற ஆடவரையும் விஞ்சிய மதிப்பெண் பெற்றார். பெண்களுக்குப் பட்டம் வழங்கப்பட்டதோ 1948இல்.

தனிப்பயிற்சி அறையும் நூலும்

பவுடிச், சமர்வில் இருவரும் படிகளைத் தாளில் நிரப்பினர். கேம்பிரிட்ஜ் அவற்றை வேறிடத்தில் நிரப்பியது. 19ஆம் நூற்றாண்டில் அங்குக் கணிதத் தேர்வுக்கு ஆயத்தமானோர் கல்லூரி விரிவுரைகளைவிடக் கட்டணம் பெற்றுப் பயிற்றும் தனிப் பயிற்றுநரையே பெரிதும் நம்பினர். அவர்களுள் தலைசிறந்தவர் எட்வர்ட் ரௌத் (1831–1907). 1854இல் நடந்த தேர்வில் அவர் முதலிடமும் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இரண்டாமிடமும் பெற்றனர். 1888 வரை ரௌத்திடம் பயின்றோர் 600க்கும் மேற்பட்டோர், ராலே, ஜே. ஜே. தாம்சன், லார்மர் ஆகியோர் அவர் மாணவர்கள். சிறு குழுவாக அமர்ந்து, பயிற்றுநரின் கைகாட்டலில் கணக்குகளை நாள்தோறும் போட்டுப் பழகுவதே அங்குக் கையாளப்பட்ட முறை.

அம்முறையில் வளர்ந்தோர் எழுதிய நூல்களில் படிகள் விடுபடுவது அவர்களுக்குக் குறையாகத் தோன்றியிராது. வாசகர் பயிற்றுநர் அறையிலிருந்து வருபவர். தேவையான கைப்பழக்கம் உடையவர். சிக்கல் எழுவது அந்நூல் அறையைவிட்டு வெளியே பயணம் செய்யும்போதுதான். பதினாறு வயதில் பள்ளியைவிட்டுத் தந்திப் பணிக்குச் சென்ற ஆலிவர் ஹெவிசைட், மாக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலைத் தாமாகவே பயின்றபோது, பல ஆண்டுகளுக்குப்பின் அதனைத் தமக்குரிய திசையன் குறியீட்டில் மாற்றி எழுத நேர்ந்தது. இன்று மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று வகுப்பில் எழுதப்படும் நான்கும் அவ்வடிவத்தையே ஒட்டியவை. மாக்ஸ்வெல்லின் 1865ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்த சமன்பாடுகள் இருபது.

அறையைவிட்டு வெளியே பயணம் செய்த நூல்களுள் தமிழகத்திற்கு வந்த ஒன்று கணிதத்துறைக்குரியதாயினும் இங்குக் குறிக்கத்தக்கது. தேர்வு மாணவர்க்குத் தனிப் பயிற்றுநராயிருந்த ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த கணித முடிவுத் திரட்டில் ஏறத்தாழ 5000 முடிவுகள் மிகச் சுருங்கிய நிறுவல்களுடன் அடுக்கப்பட்டுள்ளன. உடனிருந்து விளக்க ஒருவர் உண்டு என்னும் சூழலில் பிறந்த நூல் அது. 1903ஆம் ஆண்டளவில் கும்பகோணத்தில் சீனிவாச ராமானுஜன் கைக்கு அது வந்தபோது உடனிருந்து விளக்க எவருமில்லை. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கும் பயிற்சி அவரை ஆளாக்கியது என்பது யாவரும் அறிந்தது. அம்முறையே அவர் எழுத்திலும் படிந்தது என்பது அத்துணைக் கவனம் பெறுவதில்லை. முடிவுகளை மட்டும் எழுதிச்சென்ற அவரது குறிப்பேடுகளுக்கு நிறுவல் காணும் பணியில் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளை வெளியிட்டார். விடுபட்ட படிகளை நிரப்பி வளர்ந்தவரின் விடுபட்ட படிகளைப் பிறர் நிரப்ப வேண்டியதாயிற்று. கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலம் முதலிய பிற பாடங்களில் தேறாமையால் ராமானுஜன் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் இத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும். துணையின்றிக் கற்ற வெற்றிக்கு எடுத்துக்காட்டாக அவரைக் காட்டுவோர், அவ்வழியில் சென்று எவர் கண்ணிலும் படாமற்போனோரைக் கணக்கில் கொள்வதில்லை.

மாநிலக் கல்லூரி மாணவர்

1910இல் லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரியில் பயின்றார். அர்னால்ட் சோமர்ஃபெல்ட் எழுதிய அணுக்கட்டமைப்பு நூலின் ஆங்கில ஆக்கத்தை அவர் தாமே படித்து முடித்திருந்தார். 1928இல் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து கல்லூரியில் உரையாற்றியபோது, மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று சந்தித்தார். அந்நூலில் உள்ள குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது என்றும், அலை இயக்கவியல் அனைத்தையும் மாற்றிவிட்டது என்றும் சோமர்ஃபெல்ட் தெரிவித்தார். இளைஞரின் உள்ளம் சோர்ந்திருக்கக் கூடிய தருணம் அது. ஆயினும் உலோகங்களின் எலக்ட்ரான் கொள்கை குறித்துத் தாம் எழுதி இன்னும் அச்சேறாத கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் சோமர்ஃபெல்ட் கொடுத்தார். அத்தாள்களைக் கொண்டு ஃபெர்மி–டிராக் புள்ளியியலைக் கற்ற சந்திரசேகர், அதனைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரை 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அக்கட்டுரையை அங்குச் சேர்ப்பித்தவர் கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர். (1983இல் சந்திரசேகருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபௌலர் வேறொருவர்; தமிழ்க் கட்டுரைகள் சிலவற்றில் இருவரும் ஒருவராகிவிடுகின்றனர்.)

ரால்ஃப் ஃபௌலர் 1926இல் எழுதிய கட்டுரை வெண்குறு விண்மீன்களைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையால் நசுங்காமல் எவ்வாறு நிற்கிறது என்னும் வினாவிற்கு, நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே தாங்குகிறது என்று அது விடை தந்தது. அக்கட்டுரையின் கணக்கில் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல், உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இருமடங்கால் வகுத்த மதிப்பாகக் கொள்ளப்பட்டது. பள்ளி முதல் பயன்பட்டுவரும் வாய்பாடாதலின் அந்த இடத்தில் எவரும் தயங்கி நிற்பதில்லை. ஊசற் கணக்கில் சைன் மதிப்புக்குப் பதிலாகக் கோணம் வந்து அமர்ந்ததைப் போன்ற படி இது.

சந்திரசேகர் ஃபௌலரின் அழுத்தத்தை எடிங்டனின் விண்மீன் கட்டமைப்புக் கொள்கையோடு இணைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தார். விண்மீனின் நடு அடர்த்தி அதன் சராசரி அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு என்று வந்தது. 1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட கப்பலில், அந்த அடர்த்தியில் எலக்ட்ரான்களின் வேகம் என்ன என்னும் வினாவை அவர் எழுப்பிக்கொண்டார். ஒரு கனசென்டிமீட்டருக்குப் பத்து இலட்சம் கிராமை ஒட்டிய அடர்த்தியில் அவ்வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாகிறது. எனவே சார்பியலைக் கருதாத அந்த வாய்பாடு அங்குச் செல்லாது.

இதன் விளைவைச் சுருங்கிய கணக்காலேயே காட்டலாம். விண்மீனின் எடையைத் தாங்கத் தேவையான அழுத்தம், நிறையின் வர்க்கத்தை ஆரத்தின் நான்காம் அடுக்கால் வகுத்த அளவிற்கு நேர்விகிதத்தில் அமையும். அடர்த்தி, நிறையை ஆரத்தின் மூன்றாம் அடுக்கால் வகுத்த அளவிற்கு நேர்விகிதத்தில் அமையும். ஃபௌலரின் கணக்கில் எலக்ட்ரான் அழுத்தம் அடர்த்தியின் ஐந்தில் மூன்றன்று, மூன்றில் ஐந்து அடுக்காக (5/3) வளர்கிறது. எனவே அதில் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு வகுக்குமிடத்தில் வரும். தேவையான அழுத்தத்தில் வருவதோ நான்காம் அடுக்கு. இரண்டையும் சமப்படுத்தினால், எந்த நிறைக்கும் அதற்கேற்ற ஓர் ஆரம் கிடைக்கும். நிறை கூடக்கூட ஆரம் சிறுக்கும். விண்மீன் அங்கே நிலைகொள்ளும். எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும் எல்லையில் அடுக்கு 4/3 ஆகிறது. அப்போது எலக்ட்ரான் அழுத்தத்திலும் ஆரத்தின் நான்காம் அடுக்கே வகுக்கிறது. இருபுறமும் ஆரம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, எஞ்சுவது நிறை மட்டும். ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மட்டுமே சமநிலை உண்டு. அதற்கு மேற்பட்ட நிறையை அவ்வழுத்தம் தாங்காது.

1931இல் வெளியான கட்டுரையில் அந்த எல்லை சூரிய நிறையின் 0.91 மடங்கு எனத் தரப்பட்டது. எலக்ட்ரான் ஒன்றுக்குரிய சராசரி மூலக்கூற்று எடையை 2.5 எனக் கொண்டமையால் வந்த மதிப்பு அது. 2 எனக் கொண்டால் இன்று வழங்கும் ஏறத்தாழ 1.4 மடங்கு கிடைக்கிறது. எஸ்தோனியாவின் தார்த்துவில் வில்ஹெல்ம் ஆண்டர்சன் 1929இலும், லீட்சில் எட்மண்ட் ஸ்டோனர் 1930இலும் சார்பியல் திருத்தத்தைத் தனித்தனியே செய்திருந்தனர். சந்திரசேகரின் கணக்கு, விண்மீனின் உட்கட்டமைப்பை முழுமையாகக் கொண்டமையால் அவற்றினின்று வேறுபடுகிறது. கப்பற்பயணத்தில் மின்னலெனத் தோன்றிய கருத்து என்று வெகுமக்கள் இதழ்கள் எழுதுவது முழு உண்மையாகாது. முன்னரே முழுவதும் போட்டு முடித்த ஒரு கணக்கில், எவரும் நின்று பாராத ஒரு படியில் நின்று பார்த்ததன் பயன் அது.

பிரின்சிப்பியாவும் 600 தாள்களும்

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் சந்திரசேகர் நியூட்டனிடம் திரும்பினார். 1687இல் வெளிவந்த பிரின்சிப்பியா அதன் சமகாலத்தவர்க்கே கடினமாயிருந்தது. கணிதம் நம்பத்தக்கதுதானா என்று ஹைகன்ஸிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, நிறுவல்களை விடுத்து முடிவுகளை மட்டும் ஜான் லாக் பயின்றார் எனச் சொல்லப்படுகிறது. அதுவும் ஒரு படிப்பு முறையே. லெ சூர், ஜாக்கியே என்னும் மினிம் சபைத் துறவியர் இருவர் ஜெனீவாவில் 1739 முதல் 1742 வரை வெளியிட்ட பதிப்பில் அடிக்குறிப்புகள் பல இடங்களில் மூலத்தைவிட மிகுதி. அவர்கள் இயேசு சபையினர் அல்லர் எனினும் அப்பதிப்புக்கு 'இயேசு சபைப் பதிப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிரின்சிப்பியாவில் படிகள் விடுபடுவதற்குக் காரணம் வேறு. நீள்வட்டத்தைச் சூழ வரையும் இணைகரங்களைப் பற்றிய பண்பொன்றை முதற்பகுதியின் 12ஆம் துணைத்தேற்றத்தில் கூறும் நியூட்டன், அதன் நிறுவலைக் கூம்பு வெட்டு நூலாசிரியர்களிடம் விட்டுவிடுகிறார். அக்கால வாசகர் அந்நூல்களைப் பயின்றவர். பின்னர்க் கல்வித் திட்டத்திலிருந்து அவ்வடிவியல் மறைந்தது. நூலில் ஓர் எழுத்தும் மாறாமலேயே அப்படி வாசகர்க்குக் காணாமற்போயிற்று. 1964 மார்ச்சு 13 அன்று ரிச்சர்ட் ஃபைன்மேன் கோள்களின் நீள்வட்டப் பாதையை வடிவியலால் நிறுவி மாணவர்க்கு உரையாற்றியபோது, கூம்பு வெட்டுப் பண்புகளை மிகுதியாகக் கையாளும் நியூட்டனின் வழியைத் தொடர இயலாமையால் தமக்கென வேறொரு வழியை வகுத்துக்கொண்டதாகக் கூறினார். சந்திரசேகரும் நியூட்டனின் நிறுவலைப் பாராமல் ஒவ்வொரு தேற்றத்திற்கும் முதலில் தாமே ஒரு நிறுவல் கண்டு, பின்னர் நியூட்டனுடையதோடு ஒப்பிட்டார். அந்நூல் 1995இல், அவர் மறைந்த ஆண்டில், வெளிவந்தது. 'பொது வாசகர்' என்று தலைப்பிலேயே சுட்டப்பட்டவர் எவர் என்பது விவாதத்திற்குரியது. நுண்கணிதத்தில் நல்ல பயிற்சியில்லாதவர் அந்நூலில் நெடுந்தொலைவு செல்ல முடியாது.

பிறர் படிகளை ஆயுள் முழுதும் தொடர்ந்தவர், தாம் எழுதும்போது படிகளை விடாமல் இருக்க முடிந்ததா? 1983இல் வெளிவந்த கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய அவரது நூலில் சில சமன்பாடுகளுக்கு நடுவே பத்து, இருபது, சில இடங்களில் ஐம்பது பக்கங்கள்வரை நீளும் கணக்கு விடுபட்டுள்ளது. அனைத்தையும் அச்சிட்டால் நூல் பயன்படாத அளவிற்குப் பெருத்துவிடும். அவர் அவ்விடங்களில் எளிது என்று எழுதவில்லை. இடையிலுள்ள கணக்கு எத்தனை பக்கம் நீளக்கூடும் என்பதை நூலிலேயே வெளிப்படையாகக் குறித்தார். முழு வருவிப்பும் அடங்கிய நீண்ட தாள்கள் ஏறத்தாழ 600, அவற்றோடு குறிப்பேடுகள் ஆறு. சரிபார்க்க விரும்பும் எவரும் வந்து காணுமாறு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரீகன்ஸ்டைன் நூலகத்தில் அவற்றை ஒப்படைத்திருப்பதாகவும் அந்நூலில் தெரிவித்திருக்கிறார்.